காலி வண்டி

2022 பொங்கலன்று மத்தியானம், சாப்பாடு முடிந்து ஊர்வீட்டுத் திண்ணையில் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் ஒரு பழைய காணொளியைக் காட்டினேன். 1988 டக்கார் ராலி, ஆப்பிரிக்கப் பாலைவனம். ஒரு பந்தயக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு லாரி முளைக்கிறது. முதல் முறை பார்ப்பவர்களுக்குக் கண் ஒப்புக்கொள்ளாது. ஏதோ தந்திரப் படம் என்றுதான் நினைப்பார்கள். லாரி காரை எட்டிப் பிடித்து, சற்று நேரம் அதற்கு இணையாகக் குதித்துக் குதித்து ஓடிவிட்டு, தாண்டிப் போய்விடுகிறது. காரில் இருப்பவர் ஆரி வாத்தனென், 1981-இன் உலக ராலி சாம்பியன். லாரியில் இருப்பவர் நெதர்லாந்துக்காரரான யான் டி ரோய். வண்டி டாஃப். உள்ளே இரண்டு என்ஜின்கள், சேர்த்து ஏறக்குறைய 1,200 குதிரைச் சக்தி. பத்து டன் எடையோடு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி.

வீட்டுக்கு வருகிறவர்களில் யாரையும் நான் இதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. காட்டும்போது படத்தைப் பார்க்க மாட்டேன், அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். லாரி தாண்டுகிற நொடியில் எல்லோர் புருவமும் ஏறும். பெரியப்பாவின் புருவம் ஏறவில்லை. கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, கைபேசியை மூக்கருகே வைத்துக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "லோடு எங்கே?"

"இது பந்தயம் பெரியப்பா. லோடெல்லாம் இருக்காது."

"அப்படியென்றால் காலி வண்டி" என்று சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார். போகிற போக்கில் திரும்பி, "முட்டை ஏற்றிக்கொண்டு அந்த மணலைத் தாண்டச் சொல், பார்க்கலாம்" என்றார்.

அன்று சிரித்தேன். கோயம்புத்தூர் திரும்பும் வழியிலும் சிரித்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் அது முள்ளாகக் குத்தத் தொடங்கியது. முப்பத்து நான்கு வருடம் லாரி ஓட்டிய மனிதர். பதினைந்து வயதில் கிளீனராக ஏறி, சங்ககிரியிலிருந்து கல்கத்தா, பம்பாய், ஒரு தடவை கௌகாத்தி வரைக்கும் போய் வந்தவர். நாமக்கல் முட்டை, சேலத்து ஜவ்வரிசி, ஈரோட்டு மஞ்சள், சிமெண்டு என்று அவர் தூக்காத லோடு இல்லை. நான் ஆண்டுதோறும் தூக்கம் கெட்டுப் பார்க்கிற ஒன்றை இரண்டே சொல்லில் தள்ளிவிட்டார். தெரியாதவர் தள்ளியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

ஜனவரிப் பழக்கம்

காரும் மோட்டார் சைக்கிளும் லாரியும் நாட்கணக்கில் பாலைவனம் தாண்டி ஓடுகிற டக்கார் ராலி எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். மார்கழிக் கடைசியில் தொடங்கித் தைப் பிறப்பை ஒட்டி முடியும். ராலிக்காரர்கள் எங்கள் பண்டிகை நாட்காட்டியைப் பார்த்துத்தான் தேதி குறிக்கிறார்களோ என்று தோன்றும். மோட்டார் சைக்கிள் பிரிவைத்தான் இந்தியர்களில் பெரும்பாலோர் பார்க்கிறார்கள், பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் அதில் ஓட்டப் போன பிறகு, கேரளத்து ஹரித் நோவா ஓட்டப் போன பிறகு, பார்க்கக் காரணமும் இருக்கிறது. எனக்கு லாரிகள்தான். லாரி ஊரில் பிறந்தவனுக்கு வேறு எதன் மேல் கண் போகும்? ஏழு தடவை வென்ற ரஷ்யர் விளாதிமிர் சாகினின் பெயரை, பள்ளியில் படித்த சோழ மன்னர்களின் வரிசையைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, உண்மை அது.

அவர் ஓட்டிய காமாஸ் லாரி நமக்கு அப்படியொன்றும் அந்நியமும் இல்லை. ரஷ்யாவில் காமா ஆற்றங்கரைத் தொழிற்சாலையிலிருந்து வருகிற வண்டி; ஒரு காலத்தில் இந்தியக் கூட்டாளியோடு சேர்ந்து ஓசூரிலேயே அதைப் பூட்டிக் கொடுத்தார்கள். செக் நாட்டு டாட்ராவை இன்னும் நன்றாகத் தெரியும், பெயர் தெரியாமலே. குடியரசு தின அணிவகுப்பில் பினாகா ராக்கெட் ஏவியைச் சுமந்துகொண்டு வருகிறதே, அந்தப் பல சக்கர வண்டி டாட்ராதான். நம் லாரிகளுக்குச் சேஸ் என்றால் இரண்டு நீளச் சட்டங்கள். டாட்ராவுக்கு நடுவில் முதுகெலும்பு போல ஒரே குழாய், அதிலிருந்து இரு பக்கமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சுகள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் அடுத்த பக்கத்துச் சக்கரம் அதைக் கண்டுகொள்ளாது. அந்த அமைப்பு 1923-இலிருந்து வருகிறது. அந்த வண்டியில்தான் காரெல் லோப்ரைஸ் ஆறு தடவை டக்காரை வென்றார்.

இதையெல்லாம் அடுத்தடுத்த தொலைபேசிப் பேச்சுகளில் பெரியப்பாவிடம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டேன். வக்கீல் வாதம் போல. வண்டியில் மூன்று பேர் போகிறார்கள் என்றேன்: ஓட்டுகிறவர், வழி சொல்கிறவர், மெக்கானிக். "டிரைவர், இரண்டாவது டிரைவர், கிளீனர். இதில் என்ன புதுமை?" என்றார். வேகம் 140 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று இப்போது கட்டுப்பாடு உண்டு என்றேன். "அந்தப் புத்தி முதலிலேயே இருந்திருக்க வேண்டும்" என்றார். ஒரே ஒரு இடத்தில் அவரை மடக்கினேன். மணலில் ஓட டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று மணலின் மேல் படுத்துக்கொள்ளும், புதையாது. கெட்டித் தரை வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும். இந்த லாரிகளில் இறங்காமலே, உள்ளே உட்கார்ந்தபடியே, ஓடும்போதே காற்றைக் குறைக்கலாம், ஏற்றலாம். பெரியப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடும்போதேவா?" என்றார். அதைப் பிற்பாடு ஊரில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது என் காதுக்கு வந்தது. ஆனால் லோடு விஷயத்தில் அவர் அசையவில்லை.

லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே ஒரு நாள் விளக்கினார். காலி வண்டி குதிக்கும், சத்தம் போடும், பிரேக் போட்டால் பின்பக்கம் தூக்கும்; அதைப் பிடிக்கக் கை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன் என்றார். லோடு வண்டி பின்னாலிருந்து தள்ளும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பத்து டன்னும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "போ, போ" என்று சொல்லும். கீழ் கியரில் பிடித்து, அது சொல்வதைக் கேட்காமல் இறங்க வேண்டும். "அந்த வெள்ளைக்காரனுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து தள்ளுகிறார்கள்?" என்று கேட்டார்.

சுமக்க வந்தவர்கள்

ஒரு விதத்தில் வரலாறு அவர் பக்கம்தான். பாரிஸிலிருந்து டக்காருக்கு முதல் பந்தயம் கிளம்பியது 1978 டிசம்பர் 26 அன்று, 182 வண்டிகளோடு. லாரிக்கென்று தனிப் பிரிவு அப்போது இல்லை; அது 1980-இல் வந்தது. லாரிகள் பாலைவனத்துக்குப் போனதற்குக் காரணமே லோடுதான். மோட்டார் சைக்கிளும் காரும் பகலெல்லாம் ஓடி உடைந்துபோய் இரவு முகாமுக்கு வரும். அவற்றுக்கு வேண்டிய கியர்பெட்டி, அச்சு, டயர், எண்ணெய், வெல்டிங் சாமான் எல்லாவற்றையும் யாராவது அதே மணலைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். லாரி வரவில்லையென்றால் மெக்கானிக்கின் கையில் திருப்புளிகூட இருக்காது. பந்தயக்காரனுக்கு முன்னால் வந்து சேர வேண்டிய கட்டாயம், ஆனால் பந்தயக்காரன் என்ற பெயர் கிடையாது. கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம் ஏற்றிவரும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் கார் தாமதமானால் சமாளிக்கலாம், பாத்திர வண்டி தாமதமானால் முடியுமா?

இதை ஓட்டியவர்களும் வேறு ரகம். யான் டி ரோய் அடிப்படையில் சரக்குப் போக்குவரத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், சொந்த லாரிகள் வைத்துத் தொழில் செய்தவர். நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ பிறந்திருந்தால் லாரி உரிமையாளர் சங்கத்தில் ஏதாவது பொறுப்பில் இருந்திருப்பார். காரெல் லோப்ரைஸ் டாட்ரா தொழிற்சாலை ஆள். இவர்கள் கைக்கு லாரி புதிதில்லை, லோடும் புதிதில்லை. எங்கோ ஓர் இடத்தில், முதலில் வந்து சேர்ந்த லாரி எது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு லோடு ஒவ்வொன்றாக இறங்கிவிட்டது. பத்து வருடத்துக்குள் இரண்டு என்ஜின் வைத்த லாரி வந்துவிட்டது.

மிச்சம் மீதி இன்றும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பந்தயப் பாதைக்குள் உடைந்து நிற்கிற காருக்கு வெளியாள் போய்க் கை கொடுக்கக் கூடாது. போட்டியில் இருக்கிற இன்னொரு வண்டி கொடுக்கலாம். அதனால் பெரிய கார் அணிகள் தங்கள் லாரியையும் போட்டியாளராகப் பதிந்துவிடுகின்றன. அந்த லாரி உதிரி பாகங்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும். தன் அணிக் கார் எங்காவது அச்சு முறிந்து கிடந்தால் நிற்கும், இறக்கும், மாட்டிக்கொடுக்கும், மறுபடி கிளம்பும். அதற்கு எத்தனையாவது இடம் கிடைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் பதினைந்து வருடத்தில் பார்த்ததில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "அவன் லாரிக்காரன்" என்றார். அந்த விவாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி என்று நினைத்தேன். யோசித்தால் அதுவும் அவருடைய வெற்றிதான்.

காணொளிக்கு அப்புறம்

நான் எல்லோருக்கும் காட்டுகிற அந்த 1988 காணொளியில் வராத ஒன்று இருக்கிறது. காட்டும்போது நான் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்றும் அதுதான். டி ரோயின் அணியில் இன்னொரு டாஃப் லாரியும் இருந்தது, தியோ வான் டி ரெய்ட் ஓட்டியது. நைஜர் நாட்டு டெனெரே பாலைவனத்தில் அது முழு வேகத்தில் கவிழ்ந்து உருண்டது. வழிகாட்டி கேஸ் வான் லூவெசைன் இருக்கையோடு பிய்த்து வெளியே எறியப்பட்டு இறந்தார். உடன் இருந்த இருவரும் படுகாயமடைந்தார்கள். டி ரோய் பந்தயத்தை அங்கேயே விட்டு விலகினார். டாஃப் நிறுவனமும் விலகிக்கொண்டது. அடுத்த வருடம், 1989-இல், லாரிப் பந்தயமே வைக்கவில்லை.

அந்த வருடக் குளறுபடிகளில் எனக்கு அதிகம் பிடித்தது, வாத்தனெனின் காரை மாலி நாட்டுப் பமாக்கோவில் யாரோ திருடி, பணம் கேட்டு மிரட்டியதுதான். அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இறந்துபோன வழிகாட்டியைச் சொல்ல மாட்டேன். விருந்தாளிக்குக் காட்டுகிற காணொளிக்கு அது பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து டன் 200 கிலோமீட்டர் வேகத்தில் போவதைப் பார்த்து வாய் பிளப்பவன், அந்தப் பத்து டன் நிற்க நினைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டாமா? நான் பார்க்காமல் பழகியிருந்தேன்.

பந்தயம் ஆப்பிரிக்காவை விட்டுத் தென்னமெரிக்காவுக்குப் போன பிறகு, 2019-இல் பெரு நாட்டில் நடந்ததும் அப்படித்தான் என் கண்ணில் பட்டும் படாமல் போனது. காமாஸ் ஓட்டிய ஆந்திரேய் கார்கினோவ், 2014-இல் வென்றவர், பாதையோரம் நின்றிருந்த பார்வையாளர் ஒருவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டார். அந்த மனிதருக்குக் கால் எலும்பு முறிந்தது. கார்கினோவ் நிற்கவில்லை. நிற்காததற்காகவே அவரைப் பந்தயத்திலிருந்து வெளியேற்றினார்கள். இடித்ததற்காக என்று நினைத்துவிடாதீர்கள். மணலில், குழப்பத்தில், இடிப்பது நேர்ந்துவிடும் என்று விதியை எழுதியவர்களுக்கும் தெரியும். நிற்காமல் போனதுதான் குற்றம். காயம்பட்ட போட்டியாளருக்கு உதவி செய்ய ஒருவர் நின்றால், நின்ற நேரத்தைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிற பந்தயம் இது. நிற்பதால் நேரம் போய்விடும் என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாதபடி அந்த விதியை வைத்திருக்கிறார்கள். கார்கினோவ் அடுத்த வருடமே, 2020-இல், பந்தயம் இடம் மாறிய சவூதி அரேபியாவில் முதலிடம் பிடித்தார். நான் கைதட்டினேன்.

காமாஸ் மொத்தம் 19 தடவை வென்றது. 2022-இல் முதல் நான்கு இடங்களையும் அதுவே எடுத்துக்கொண்டது. நான் திண்ணையில் பெரியப்பாவிடம் தோற்ற அதே பொங்கலன்றுதான் அந்தப் பந்தயம் முடிந்தது. அடுத்த மாதம் உக்ரைன் போர் தொடங்கியது. 2023-இல் காமாஸ் அணி வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு லாரிப் பிரிவில் யார் வெல்வார்கள் என்று தெரியாத ஒரு ஜனவரி வந்தது. எனக்கு ஒரே உற்சாகம்.

போகி இரவு

அந்த ஜனவரியில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தவர் அலேஷ் லோப்ரைஸ். ஆறு தடவை வென்ற காரெலின் உடன்பிறந்தார் மகன். காரெல் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஜனவரி 10 அன்று, ஒன்பதாவது கட்டத்தில், ஒரு மணல் மேட்டுக்குப் பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த இத்தாலியப் பார்வையாளர் ஒருவர் மேல் வண்டி மோதியது. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்துபோனார். லாரியில் இருந்த மூவருக்கும் எதுவுமே தெரியவில்லை. மணல் முகட்டைத் தாண்டுகிற நொடியில் அந்த உயரமான கண்ணாடி வழியே தெரிவது வானம் மட்டும்தான். பிறகு முன்பக்கம் தரையில் இறங்கும்; எட்டு ஒன்பது டன் இறங்குகிற குலுக்கலில் வேறு எந்தக் குலுக்கலும் தனியாகத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு, நடந்ததைப் பதிவு செய்த ஒரு காணொளியை அலேஷுக்குக் காட்டினார்கள். மறுநாள் அவர் பந்தயத்திலிருந்து விலகினார். முதலிடத்தில் இருந்தபடியே.

நான் போகியன்று சாயங்காலம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பாதான் பேச்சை எடுத்தார். "உன் காலி வண்டிப் பந்தயம் இந்த வருடம் எப்படிப் போகிறது?" கேலியாகத்தான் கேட்டார். நானும் கேலியாகவே பதில் சொல்லத் தொடங்கினேன். முன்னால் இருந்தவர் விலகிவிட்டார் என்றேன். ஏன் என்றார். சொன்னேன்.

பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

"நின்றானா?"

"நிற்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது பெரியப்பா. அப்புறம் வீடியோ காட்டித்தான் தெரிந்தது."

"தெரியாது என்று அவன் சொல்கிறானா, நீ சொல்கிறாயா?"

மணல்மேடு, முகடு, வானம், குலுக்கல் என்று நான் விளக்கினேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. வாசலில் யாரோ பழைய பாயைக் கொளுத்திய புகை உள்ளே வந்துகொண்டிருந்தது. பெரியம்மா தூங்கப் போய்விட்டார். வெகு நேரம் கழித்து, என்னிடம் சொல்வது போலவே இல்லாமல், ஓங்கோல் தாண்டி ஒரு ராத்திரி என்று ஆரம்பித்தார்.

நாற்பது வருடத்துக்கு முந்தைய ராத்திரி. ஜவ்வரிசி லோடு, கல்கத்தாவுக்கு. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மணி இரண்டு இருக்கும். கிளீனர்ப் பையன் தூங்கிவிட்டான். எதிரே ஒரு வண்டி வெளிச்சத்தைத் தாழ்த்தாமல் வந்து கண்ணைக் கூச வைத்துவிட்டுப் போனது. போன அடுத்த நொடி, இடது பக்கம் முன்னால் ஏதோ தட்டியது. பெரிய சத்தம் இல்லை. கதவைக் கையால் தட்டினால் எப்படி இருக்கும், அப்படி. லோடு வண்டி, ஈர ரோடு, மிதித்தவுடன் நிற்குமா? அரை மைலாவது போய்த்தான் நின்றது. பையனை எழுப்பி, டார்ச்சை எடுத்துக்கொண்டு, இருவரும் திரும்பி நடந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் மழைத்தண்ணீர். ஒரு மணி நேரம் தேடினார்கள். நாய் இல்லை, மாடு இல்லை, ஆள் இல்லை, மூட்டை இல்லை. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது.

"எந்த ரோட்டோரம்தான் ஒற்றைச் செருப்பு கிடக்காது?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

வண்டிக்கு வந்து பம்பரை, விளக்கை, டயரை எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். ஒரு கீறல் இல்லை. மழை கழுவியிருக்கலாம். கிளம்பி, அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தி, அரைகுறைத் தெலுங்கில் விசாரித்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கல்கத்தாவில் லோடு இறக்கி, சணல் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அதே டீக்கடையில் மறுபடி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு அந்தத் தடத்தில் ஓடின வருடமெல்லாம் அங்கே நிறுத்தி டீ குடித்திருக்கிறார். கேட்பதை மட்டும் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாராம். கடைக்காரர் இவர் டீக்காக வருகிறார் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரை தூக்கலாகப் போடுவாராம்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்ன தெரியும்? எனக்கே தெரியாதே."

பிறகு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். என் கைபேசி பாயின் மேல் கிடந்தது. அதைக் கண்ணால் காட்டி, "அவனுக்காவது காட்டினார்கள்" என்றார்.

மறுநாள், பொங்கலன்று, பந்தயம் முடிந்தது. வென்றவர் யானுஸ் வான் காஸ்டெரென், இவெக்கோ லாரியில். அணியின் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: டி ரோய் அணி. 1988-இல் யான் டி ரோய் விலகிக்கொண்ட அந்தப் பந்தயத்தில் லாரிப் பிரிவை வென்றவர் காரெல் லோப்ரைஸ். அவருடைய ஆறு வெற்றிகளில் அதுதான் முதலாவது. முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு லோப்ரைஸ் விலகிக்கொள்ள, டி ரோய் அணி வென்றிருக்கிறது. புள்ளிவிவரப் பைத்தியங்கள் இப்படி ஒன்று கிடைத்தால் துள்ளிக் குதிப்போம். பெரியப்பாவிடம் சொல்லலாம் என்று திண்ணை வரை போனேன். அவர் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூச, யாரோ வாங்கி வந்த டப்பாவின் மூடியைக் கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அந்த 1988 காணொளியை இப்போதும் பார்க்கிறேன். யாருக்கும் காட்டுவதில்லை என்று பெரிதாகச் சபதம் ஒன்றும் எடுக்கவில்லை. போன மாதம்கூட அலுவலக நண்பர் ஒருவருக்குக் காட்டினேன், அவர் புருவம் வழக்கம்போல ஏறியது. நான்தான் இப்போது வேறு இடத்தைப் பார்க்கிறேன். லாரி காருக்கு இணையாக ஓடுகிற அந்தச் சில நொடிகளில், ஓட்டுகிறவரை விட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிற மற்றவர்களின் தலை தெரிகிறதா என்று தேடுகிறேன். புழுதியில் சரியாகத் தெரிவதில்லை.

மாட்டுப் பொங்கல் முடிந்து காலையில் நான் கிளம்பும்போது பெரியப்பா வழியனுப்ப வாசலுக்கு வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, நான்கு டயரையும் கைத்தடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்தார். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இடது பக்க முன் டயரிடம் மட்டும் இரண்டாவது முறை குனிந்தார்.

"இதில் காற்றுக் குறைகிறது கண்ணு. உன் வண்டியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்ற முடியாதே. பவானியில் இறங்கிப் பார்த்துக்கொள்."